ஆழ்கடல் இறால் வாங்கி விற்க: மதுரையில் புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களுக்கு

கரிமேட்டிலோ நெல்பேட்டையிலோ பச்சை இறால் வெந்த இறாலைப் போலச் சிவந்து கிடந்தால், புதிதாக வருபவர் முதலில் கேட்பது "சாயம் போட்டிருக்கிறார்களா?" என்பதுதான். சாயம் இல்லை. கடலில் 200 மீட்டருக்குக் கீழே வாழும் ஆழ்கடல் இறாலுக்கு உயிரோடு இருக்கும்போதே அந்த நிறம். பெட்டி விலை பண்ணை இறாலைவிடக் குறைவாகத் தெரிவதால், ஓட்டலுக்குச் சப்ளை செய்ய நினைப்பவர்களும் சிறு கடை போட நினைப்பவர்களும் இதில் கைவைக்கிறார்கள். கைவைக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இந்த இறாலில் எடையும் தலையில்தான், கேடும் தலையில்தான். வாங்குவது, ஐஸ் போடுவது, விலை வைப்பது எல்லாவற்றையும் இந்த ஒரு விஷயம்தான் தீர்மானிக்கிறது.

எங்கே வாழ்கிறது, ஏன் சிவப்பு

300 மீட்டர் ஆழத்தில் கடல்நீர் சுமார் 10 முதல் 14 டிகிரி வரைதான் இருக்கும். மேற்பரப்பில் அதே நாளில் 28, 30 டிகிரி. வெளிச்சம் கிட்டத்தட்ட இல்லை. சூரிய ஒளியின் சிவப்புப் பகுதியைத் தண்ணீர் மேலேயே உறிஞ்சிவிடுவதால், அந்த ஆழத்தில் சிவப்பு உடம்பு கறுப்பாகத்தான் தெரியும். சிவப்பாக இருப்பதுதான் அங்கே ஒளிந்துகொள்ளும் வழி. எல்லா இறாலிலும் உள்ள அஸ்டாசாந்தின் என்ற நிறமிதான் இதற்கும் காரணம். கரையோர இறாலிலும் பண்ணை வனாமியிலும் அது ஒரு புரதத்தோடு பிணைந்து சாம்பல், நீலமாகத் தெரிகிறது. வேகும்போது புரதம் பிரிந்து சிவக்கிறது. ஆழ்கடல் இறாலில் அது மறைவில்லாமலே இருக்கிறது. வியாபாரத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்பது கடைசியில், அடுப்புக்குப் போகும்போது வரும்.

மதுரைக்கு வரும் சரக்கின் பெரிய ஊற்று கேரளக் கடலோரத்தின் கொல்லம் பரப்பு. கண்டத்திட்டு முடிந்து கடல் சரியத் தொடங்கும் விளிம்பில் உள்ள அகன்ற மேடு அது. அங்கே இறால் கூட்டம் இருப்பதை 1960களிலேயே இந்திய-நார்வே மீன்வளத் திட்டத்தின் வருணா ஆய்வுக்கப்பல் வலைபோட்டுக் காட்டிவிட்டது. ஆனாலும் விசைப்படகுகள் அதை நம்பி அங்கே போகத் தொடங்கியது 1999 வாக்கில்தான். கரையோரத்தில் பாடு (வலையில் விழும் சரக்கு) குறைந்த பிறகுதான் ஆழத்தின் நினைவு வந்தது. தூத்துக்குடிக்கு எதிரே மன்னார் வளைகுடாச் சரிவிலிருந்தும் ஆழ்கடல் இறால் இறங்கியதுண்டு.

முதல் வேலை: பெட்டியில் இருப்பது எது என்று பார்ப்பது

"ஆழ்கடல் இறால்" என்பது ஒரே இனம் அல்ல. ஒரே பெட்டியில் மூன்று நான்கு இனம் கலந்து வரும், எல்லாவற்றையும் ஒரே விலையில் தள்ளப் பார்ப்பார்கள். பிரிக்கத் தெரிந்தால் பேரம் உங்கள் கைக்கு வரும்.

ஒரு இறாலை எடுத்துப் பக்கவாட்டில் திருப்புங்கள். வால் பகுதியில் ஓடு வளையம் வளையமாக இருக்கும். முதல் வளையம் இரண்டாவதன் மேலும், இரண்டாவது மூன்றாவதன் மேலும் வீட்டு ஓடு வேய்ந்ததுபோல வரிசையாக ஏறியிருந்தால், அது பெனயிட் வகை. இரண்டாவது வளையம் மட்டும் அகன்று, முன்னே முதல் வளையத்தையும் பின்னே மூன்றாவதையும் மூடியிருந்தால், அது பண்டாலிட் வகை. வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இந்த இரண்டாவது வளையம் நிற்கட்டும்.

பண்டாலிட் வகையில் முக்கியமானவை ஹெட்டரோகார்பஸ், பிளெசியோனிக்கா. கொல்லம் பக்கம் இவற்றைப் "புல்லன்" என்பார்கள். வெளிநாட்டு வியாபாரத்தில் ஹெட்டரோகார்பஸுக்கு நைலான் இறால் என்று பெயர். ஹெட்டரோகார்பஸின் தலையோடு தடித்து, நீளவாக்கில் வரப்பு வரப்பாக மேடு எழுந்திருக்கும். நெற்றிக்கொம்பு ரம்பம் மாதிரி. பாலித்தீன் கவரையும் கிழிக்கும், கையுறையையும் கிழிக்கும். இந்த வகையில் பெண் இறால் முட்டையைத் தண்ணீரில் விடாமல் வயிற்றுக்கடியில் நீந்துகால்களில் ஒட்டிவைத்துக் காப்பாற்றும். புது முட்டை ஆரஞ்சு நிறம். பொரிக்கும் நாள் நெருங்கினால் மங்கிச் சாம்பலாகும். முட்டையோடு உள்ள இறாலைத் தராசில் வைத்தால் முட்டைக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள், உரிக்கும்போது அது குப்பைக்குப் போகும். முட்டை இறால் நிறைந்த பெட்டிக்கு விலை குறைத்துக் கேட்பது நியாயம். தொடர்ந்து அதுவே வந்தால் அந்தச் சரக்கைத் தவிர்ப்பது இன்னும் நியாயம்.

பெனயிட் வகையில் அரசன் அரிஸ்டியஸ் அல்காக்கி. உடம்பில் வளையமாகச் சிவப்புப் பட்டை இருப்பதால் சந்தையில் "ரெட் ரிங்". ஓடு வழவழப்பாக, மெல்லியதாக இருக்கும். பெண் பெரிது, நெற்றிக்கொம்பு நீண்டிருக்கும். ஆண் சிறிது, கொம்பு குட்டை. இனம் ஒன்றேயானாலும் உருவமும் விலையும் இரண்டு. சின்ன இறாலை "இது வேற ஜாதி, நல்ல ருசி" என்று கூடுதல் விலை சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம். பெயரின் கதையும் சுவையானது: பழைய ஆய்வுக்கப்பல் இன்வெஸ்டிகேட்டரில் மருத்துவராகவும் இயற்கையியலாளராகவும் இருந்த ஆல்ஃபிரட் ஆல்காக்கின் பெயரைத்தான் இந்த இறால் சுமக்கிறது. இதைவிடக் குறைந்த ஆழத்தில் கிடைப்பவை சொலனோசெரா ஹெக்ஸ்டி, மெட்டாபெனியாப்சிஸ் அண்டமானென்சிஸ். இரண்டாவது சிறியது, ஓடு சொரசொரப்பாக இருக்கும், உரித்துத்தான் விற்பனை.

கரிக்காடி, பூவாலன் என்று சொல்லி வருவது கரையோர இறால். கொல்லத்து வண்டியில் வந்தது என்பதற்காக அது ஆழ்கடல் இறால் ஆகிவிடாது.

படகில் என்ன நடக்கிறது

இது தெரியாமல் துறைமுகத்தில் நின்று தரம் பேச முடியாது. 300 மீட்டர் ஆழத்தில் இழுவை மடி தரையைத் தொட வேண்டுமென்றால், ஆழத்தைப்போல இரண்டரை மடங்கு கம்பிக்கயிறு விட வேண்டும். அதாவது பக்கத்துக்கு 750 மீட்டர். வலையை விரித்துப் பிடிக்க இரண்டு பலகைகள், கயிறு சுற்ற வின்ச். பல ஆழ்கடல் இறால்கள் இரவில் தரையைவிட்டு மேலெழும்பி இரை தேடும், பகலில் தரையோடு படியும்; அதனால் பகல் இழுவையில்தான் பாடு நன்றாக இருக்கும். சில மணி நேரம் இழுத்து, பிறகு கால் மணி நேரத்துக்கும் மேல் வின்ச் சுற்றினால்தான் மடி மேலே வரும். 12 டிகிரிக் குளிரில் இருந்த உயிர் 30 டிகிரித் தண்ணீர் வழியாக, மற்ற மீன்களின் எடையில் நசுங்கி ஏறி வருகிறது. தளத்தில் கொட்டும்போதே பெரும்பாலானவை செத்திருக்கும்.

சரக்கின் தரத்தை முடிவு செய்வது அடுத்த அரை மணி நேரம். சேற்றுத் தரையில் இழுப்பதால் செவுள் அறையில் சேறு அடைந்திருக்கும்; கடல்நீரில் அலசி, பிரித்து, நிழலில் வைத்து, உடனே ஐஸுக்குள் போட வேண்டும். தளத்தில் வெயிலில் கிடந்தால் எல்லாம் போச்சு. இறாலின் கல்லீரலும் கணையமும் சேர்ந்த உறுப்பு தலைக்குள் இருக்கிறது. உயிர் போனதும் அதிலுள்ள செரிமான நொதிகள் இறாலையே செரிக்கத் தொடங்கும். வெதுவெதுப்பில் அது வேகம் பிடிக்கும். தலை தொங்குவது, தலையடியில் ஆரஞ்சாகக் கசிவது, கழுத்துக்குக் கீழே முதல் வளையத்துச் சதை கூழாவது எல்லாம் அங்கே தொடங்குபவைதான்.

கொல்லத்துப் படகுகள் பல நாள் தங்குகடலில் இருந்து வருபவை. "இன்னைக்கு இறங்கினது" என்ற பேச்சுக்கு அர்த்தம் இன்று பிடித்தது என்றில்லை. கேட்க வேண்டிய கேள்வி: "எத்தனை நாள் தங்கல், இது எந்த நாள் பாடு?" கடைசி நாள் பாடு பெட்டியின் மேலேயும் முதல் நாள் பாடு அடியிலும் இருக்கும்.

எந்த மாதத்தில் எங்கிருந்து

தமிழ்நாட்டுக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 நள்ளிரவு வரை 52 நாள். ஆக, ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை கொல்லம் பக்கமே கதி. ஜூன் 15க்குப் பிறகு ஜூலை முடிய தூத்துக்குடிதான். ஜூன் 10 முதல் 14 வரை இரண்டு பக்கமும் மூடியிருக்கும். அந்த நாட்களில் "ஃப்ரெஷ்" என்று வருவதைக் கொஞ்சம் முகர்ந்து பார்த்து வாங்குங்கள். கேரளத்தில் தடை முடிந்து ஆகஸ்டில் படகு இறங்கும்போது முதல் ஓட்டம் கரிக்காடிக்கும் கணவாய்க்கும்தான். ஆழ்கடல் இறாலுக்குப் படகு திரும்புவது பெரும்பாலும் நவம்பரையொட்டி. மே வரை நடக்கும். ஓட்டலோடு வருட ஒப்பந்தம் போட நினைப்பவர் இதைக் கணக்கில் வைக்காவிட்டால் ஆகஸ்டில் மாட்டிக்கொள்வார்.

துறைமுகத்தில் வாங்கும்போது

கொல்லத்தில் சக்திகுளங்கரையும் நீண்டகரையும் அஷ்டமுடிக் காயலின் முகத்துவாரத்துக்கு இருபுறமும் எதிரெதிரே இருக்கின்றன. ஏலம் வேகமாக ஓடும். முதல் சில முறை நேரடியாக ஏலத்தில் நிற்காமல், கமிஷனுக்கு எடுத்துக் கொடுப்பவர் மூலம் வாங்கிப் பழகுவது நல்லது. கையில் வைத்திருக்க வேண்டியவை: சிறு டிஜிட்டல் தராசு, குத்தும் வகை வெப்பமானி, சல்ஃபைட் (இறால் கறுக்காமல் இருக்க முக்கும் மருந்து) எவ்வளவு என்று பார்க்கும் காகிதப் பட்டை.

பெட்டியின் மேலிருந்து அல்ல, அடியிலிருந்து ஒரு கைப்பிடி எடுங்கள். தலையைப் பிடித்துத் தூக்கினால் உடம்பு விறைப்பாக நிற்க வேண்டும். தலை மட்டும் கையோடு வந்தால் பெட்டியை விடுங்கள். முகர்ந்தால் கடல்பாசி வாசம் வரலாம். அம்மோனியா நெடி வரக்கூடாது. தீக்குச்சி உரசினதுபோல நெடி வந்தால் சல்ஃபைட் அதிகம். வெப்பமானியை இறாலின் சதைக்குள் குத்துங்கள், ஐஸுக்குள் அல்ல. 4 டிகிரிக்கு மேல் காட்டினால் ஐஸ் பேருக்குத்தான் போட்டிருக்கிறார்கள்.

கவுண்ட் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். பண்ணை இறாலில் "40 கவுண்ட்" என்றால் தலையோடு கிலோவுக்கு 40. உறைந்த பாக்கெட்டில் தலையெடுத்த இறாலுக்கு 31/40 என்று போட்டிருந்தால் அது ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு. கிலோவுக்கு மாற்றினால் 68 முதல் 88 வரை. இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஓட்டல்காரர் உங்களைத்தான் திட்டுவார்.

உரித்துப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்

ஒவ்வொரு புதுச் சரக்கிலும் ஒரு கிலோ எடுத்து, தண்ணீர் வடித்து, தலையும் ஓடும் குடலும் நீக்கி, சதையை மட்டும் நிறுத்துப் பாருங்கள். பண்டாலிட் வகையில் தலை பெரிது, ஓடு தடிப்பு. சதை பண்ணை இறாலைவிடக் கணிசமாகக் குறையும். ஒரு மாதிரிக் கணக்கு (விலைகள் கணக்குக்காக வைத்தவை):

பெட்டி விலை கிலோ 220 ரூபாய், கிடைத்த சதை 380 கிராம். 220ஐ 0.38ஆல் வகுத்தால் ஒரு கிலோ சதையின் அடக்கம் 579 ரூபாய். கொம்பு குத்துவதால் உரிப்பவர் கூலியும் கூட, கிலோ சதைக்கு 70 என்று வையுங்கள்: 649. பக்கத்தில் வனாமி கிலோ 320, சதை 550 கிராம்: 582. உரிக்கூலி 40 சேர்த்தால் 622. பெட்டியில் நூறு ரூபாய் மலிவாகத் தெரிந்த சரக்கு, தட்டுக்குப் போகும்போது 27 ரூபாய் கூடுதலாகிவிட்டது. வண்டி வாடகையையும் ஐஸையும் தலையின் எடைக்கும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறீர்கள் என்பது இதில் இன்னும் வரவில்லை.

அதனால் மதுரையில் உரித்து விற்கப் போகிறவருக்கு எங்கள் யோசனை: புல்லன் வகையைத் துறைமுகப் பகுதியிலேயே தலையெடுத்து வாங்குங்கள். எடையும் குறையும், நொதியும் அங்கேயே ஒழியும். ரெட் ரிங்கின் பெரிய பெண் இறாலை மட்டும் தலையோடு கொண்டுவரலாம். அதற்கு மதிப்பே முழு உருவில்தான், அதைக் கேட்டு வாங்கும் ஓட்டல் கையில் இருந்தால்.

ஐஸ்: எவ்வளவு, எப்படி

ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோகலோரி வெப்பத்தை வாங்கும். 30 டிகிரியில் உள்ள 20 கிலோ இறாலை 0 டிகிரிக்கு இறக்கச் சுமார் 510 கிலோகலோரி எடுக்க வேண்டும். அதற்கு ஆறரைக் கிலோ ஐஸ் போதும். பிறகு ஏன் ஒன்றுக்கு ஒன்று, 20 கிலோவுக்கு 20 கிலோ என்கிறார்கள்? மிச்சம் வழிச்செலவுக்கு. கொல்லத்திலிருந்து ஆரியங்காவு, செங்கோட்டை, ராஜபாளையம், திருமங்கலம் வழியாக மதுரைக்குச் சுமார் 250 கிலோமீட்டர். மலைப்பாதையையும் சேர்த்தால் ஆறு ஏழு மணி நேரம். எட்டயபுரம், அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடியிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். ஏப்ரல், மே வெயிலில் ராஜபாளையத்தைத் தாண்டுவதற்குள் தெர்மோகோல் பெட்டியின் சுவர் வழியே வெப்பம் ஏறிக்கொண்டே இருக்கும். ராத்திரி கிளம்பி விடிவதற்குள் சேருவதே வழி.

பெட்டி கட்டும் முறை: அடியில் 5 சென்டிமீட்டர் ஐஸ், அதன்மேல் 10 சென்டிமீட்டருக்கு மிகாமல் இறால், மறுபடி ஐஸ், மறுபடி இறால், மேலே தடிப்பாக ஐஸ். நான்கு பக்கச் சுவரோரமும் ஐஸ் இருக்க வேண்டும், வெப்பம் அங்கிருந்துதான் நுழைகிறது. ஐஸ் பாரை நன்றாகப் பொடியாக உடைக்கவும். பெரிய கட்டி இறாலை நசுக்கும், கட்டிக்கும் கட்டிக்கும் நடுவில் காற்று நின்றுவிடும். உருகிய தண்ணீர் வடிய அடியில் துளை வேண்டும். துளையை அடைத்தால் அடித்தட்டு இறால் அழுக்குத் தண்ணீரில் ஊறி நிறம் வெளுத்து, தலை கழன்றுபோகும். புல்லன் வகையைப் பாலித்தீன் பையில் கட்டி ஐஸில் புதைக்கலாம் என்று நினைக்காதீர்கள். அரை மணியில் பை சல்லடை. உறுதியான பிளாஸ்டிக் பெட்டிதான் சரி.

கறுப்பு

தலையிலும் வளைய இடுக்கிலும் ஏறும் கறுப்பு அழுகல் அல்ல. வெட்டிவைத்த கத்தரிக்காயும் வாழைக்காயும் கறுப்பதற்குக் காரணமான அதே வகை நொதிதான் இங்கும் வேலை செய்கிறது. தின்றால் கெடுதல் இல்லை, ஆனால் வாங்க வருபவர் தொடமாட்டார். இதைத் தடுக்கச் சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டில் முக்குவார்கள்: 10 லிட்டர் தண்ணீருக்கு 125 கிராம், ஒரு நிமிடம், பிறகு வடித்து அலசி ஐஸுக்குள். இது படகிலோ துறைமுகத்திலோ, பிடித்தவுடன் செய்ய வேண்டியது. மதுரையில் வந்து செய்வது வீண். ஏறிய கறுப்பு இறங்காது. அதை ப்ளீச்சில் வெளுத்துக் காட்டுபவர்களிடமிருந்து விலகியிருங்கள்.

பச்சை இறாலின் சதையில் சல்ஃபைட், சல்ஃபர் டைஆக்சைடாகக் கணக்கிட்டுக் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது, வெந்ததில் 30. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது மூச்சுத்திணறலைக் கொண்டுவரும் என்பதால் வரம்பு விளையாட்டல்ல. மூடிய அறையில் இந்தப் பொடியைக் கரைக்கவும் கூடாது, கிளம்பும் வாயு கரைப்பவரையே சாய்த்துவிடும்.

உறைந்த பாக்கெட் வாங்கினால்

மேலே பூசிய ஐஸ் படலத்துக்கும் சேர்த்துக் காசு வாங்குவார்கள். ஒரு பாக்கெட்டை நிறுத்து, குளிர்ந்த தண்ணீரைத் தூவிப் படலம் போகும்வரை மட்டும் அலசி, சல்லடையில் வடித்து, மறுபடி நிறுங்கள். வித்தியாசம்தான் நீங்கள் வாங்கிய தண்ணீர். அட்டையில் போட்ட நிகர எடையோடு ஒத்துப்போகாவிட்டால் திருப்பிவிடலாம். ஒருமுறை உருகியதை மறுபடி உறையவைக்காதீர்கள். ஆழ்கடல் இறாலின் சதையில் நீர் அதிகம், இரண்டாம் உறைவில் பஞ்சாகிவிடும்.

கடையிலும் அடுப்பிலும்

கடைக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேண்டும். உரிப்பவர்களுக்குத் தடித்த கையுறை கொடுங்கள்; கொம்பு குத்திய காயம் சீழ்பிடித்தால் ஒரு வாரம் வேலை கெடும். தலைக்கழிவை அன்றன்றைக்கே அகற்றுங்கள், மதுரை வெயிலில் அது மதியம்வரைகூடத் தாங்காது. விற்பவர்கள் வாடிக்கையாளரிடம் சொல்லவேண்டியது ஒன்று உண்டு: இறால் ஒவ்வாமை உள்ளவருக்கு ஆழ்கடல் இறாலும் அதே ஒவ்வாமைதான்.

ஓட்டல் மாஸ்டருக்குச் சரக்கோடு இரண்டு வார்த்தை சொல்லி அனுப்புங்கள், இல்லாவிட்டால் பழி உங்கள்மேல் விழும். முதலாவது, இது பச்சையிலேயே சிவப்பு. "சிவந்ததும் இறக்கு" என்ற பழைய கணக்கு இங்கே செல்லாது. கண்ணாடிபோல இருக்கும் உரித்த சதை, நடுவரை முழு வெள்ளையாக மாறினால்தான் வெந்தது என்று அர்த்தம். இரண்டாவது, சதை மெல்லியது, நீர் அதிகம். வனாமியைப்போல மசாலாவோடு சேர்த்துச் சுக்காவாகப் புரட்டிக்கொண்டே இருந்தால் நீர் விட்டுச் சுருங்கி, உதிர்ந்துபோகும். மசாலாவைத் தனியாக வதக்கித் தொக்கு பதத்துக்குச் சுண்டவைத்து, கடைசி இரண்டு மூன்று நிமிடத்தில் இறாலைப் போட்டு, சதை வெளுத்ததும் அடுப்பை அணைக்கச் சொல்லுங்கள். தலையோடு வாங்கியிருந்தால், அன்றே எடுத்த புதுத் தலைகளை எண்ணெயில் வதக்கி நீர் ஊற்றிக் கொதிக்கவைத்து வடித்த சாற்றை அந்தத் தொக்கிலேயே சேர்க்கலாம்; சல்ஃபைட் பட்டை சுத்தமாகக் காட்டிய சரக்குக்கு மட்டும்.